பத்து நாள் கணக்கு: தாராபுரம் பக்கம் ஒரு கௌட் நோயாளியும் வீட்டுப் பச்சிலைகளும்

பின்னணி

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் நடுவே ஒரு சிற்றூர். நோயாளி 54 வயது விவசாயி. நான்கு ஏக்கரில் இரண்டில் முருங்கை, இரண்டில் கண்வலிக் கிழங்கு (செங்காந்தள்). எடை 84 கிலோ. ரத்தக்கொதிப்புக்காக ஆறு ஆண்டுகளாக ஒரே மாத்திரையைக் காலையில் போட்டு வந்தார். சர்க்கரை இல்லை. வாரம் ஒருமுறை மது, விசேஷ நாட்களில் கூடுதல். வீட்டில் மனைவி, 78 வயதுத் தாயார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்.

அவருடைய அப்பாவுக்கும் "கால் பெருவெரல்ல வாதம்" இருந்தது என்று தாயார் சொன்னார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யூரிக் அமில உப்பு மூட்டில் படிந்து வீங்கி வலிக்கும் கௌட் நோய் குடும்ப வழியில் வரக்கூடியது. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பாவின் கால்விரல் பற்றிய அந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது கேட்டு எழுதியிருந்தால், பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

முதல் வலி

பங்குனியில் கருப்பராயன் கோயில் கெடா விருந்து. இரண்டு நாளும் ஈரல், குடல் குழம்பு, எலும்பு ரசம், இரவில் மது. மூன்றாம் நாள் வெயிலில் காடு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் மாற்றும் வேலை, குடித்த தண்ணீரோ குறைவு. அன்று இரவு இரண்டு மணிக்கு இடது கால் பெருவிரலின் அடி மூட்டில் வலி எழுப்பிவிட்டது. விடிவதற்குள் வீக்கம் பாதத்தின் மேல்புறம்வரை ஏறியது. தோல் பழுத்த தக்காளிபோல் சிவந்து பளபளத்தது. போர்வையின் ஓரம் பட்டாலும் அலறினார்.

கிளுவை முள் குத்திச் சீழ் பிடித்துவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். கண்வலிக் கொடி ஏறுவதற்குக் கிளுவையை நட்டு வைக்கும் காட்டில் அது இயல்பான சந்தேகம். பக்கத்து ஊர் கிளினிக்கில் வலி ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.4 மில்லிகிராம். ஆய்வகத் தாளில் மேல் எல்லை 7.2. "நார்மலா இருக்குதுங்க, வாயுவா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நோயாளியைப் பல மாதங்கள் தவறான வழியில் வைத்திருந்தது இந்த எண்தான். வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கி, சாதாரண அளவுபோல் காட்டுவது கௌட்டில் அடிக்கடி நடப்பது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உண்மை அளவு தெரியும். அந்த மறுபரிசோதனையை யாரும் சொல்லவில்லை.

யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் முழுதாகக் கரைந்து நிற்காது. ஊசிபோன்ற உப்புப் படிகங்களாகி மூட்டில் படியத் தொடங்கும். உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும் கால் பெருவிரல் மூட்டில் அது எளிதாகப் படிகிறது. படிகம் பல மாதங்கள் சத்தமில்லாமல் கிடக்கலாம். இறைச்சி விருந்து, மது, நீர் வற்றுவது, உடம்புக்குப் பெரிய அலைச்சல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தால் வெள்ளணுக்கள் அதன்மேல் பாய்கின்றன. கெடா விருந்து முடிந்து வெயிலில் நின்ற அந்த மூன்று நாட்களில் நான்குமே ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

வீட்டில் செய்தவை

வலி ஊசியின் வேகம் குறைந்ததும் தாயார் பொறுப்பெடுத்துக்கொண்டார். அடுத்த ஓர் ஆண்டில் நான்கு முறை வலி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வைத்தியம் நடந்தது. செய்த விதம், அளவு, விளைவு எல்லாம் பின்னால் மனைவியிடமும் தாயாரிடமும் கேட்டு எழுதப்பட்டவை.

முதல் முறை மஞ்சள் சுண்ணாம்புப் பற்று. இரண்டு கரண்டி மஞ்சள் தூளில் அரைக் கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, சிவந்து வந்ததும் சூடாக்கிப் பூசினார்கள். சுளுக்குக்குப் போடும் அதே பற்று. சுளுக்கில் தோல் கெட்டியாக இருக்கும். கௌட்டில் வீங்கி இழுபட்டு மெலிந்திருக்கும், வீக்கம் வடியும்போது உரியவும் செய்யும். சுண்ணாம்பு காரம். இரண்டாம் நாள் விரலின் பக்கவாட்டில் ஓர் ஐம்பது காசு அளவுக்குத் தோல் வெந்து புண்ணானது. மூட்டு வலி போன பிறகும் அந்தப் புண் ஆற மூன்று வாரம் பிடித்தது.

இரண்டாம் முறை வாதநாராயணன் ஒத்தடம். இரண்டு கைப்பிடி இலையை வடசட்டியில் இரண்டு மேசைக் கரண்டி கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெய் விட்டு, இலை சுருளும்வரை சிறு தீயில் வதக்கி, பழைய வேட்டித் துணியில் பொட்டலம் கட்டி ஒற்றினார்கள். நாள்பட்ட முழங்கால் தேய்மானத்துக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் இந்த ஒத்தடம் இதமாக இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கௌட் வலி கொதிக்கும் நாட்களில் மூட்டு ஏற்கனவே தீயாக இருக்கிறது. அதன்மேல் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். அவரும் "வெச்ச ராத்திரிதான் சுத்தமா தூங்கலீங்க" என்றார். குளிர்ச்சிதான் இங்கே உதவும்.

மூன்றாம் முறை முடக்கத்தானும் நெருஞ்சிலும். வேலியோரம் படர்ந்த முடக்கத்தானில் ஒரு கைப்பிடி இலை. காம்பும் பலூன் காயும் நீக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, வடித்த நீரில் செலவு ரசம் வைத்தார்கள். காலையும் இரவும் ஒவ்வொரு டம்ளர். கசப்பைத் தாண்டி ஒரு பிரச்சினையும் இல்லாத உணவு இது. ஆனால் நாளுக்கு இரண்டு வேளை என்று போனதும் நான்காம் நாள் வயிறு இளகிவிட்டது. மலத்தோடு நீரும் போனால் யூரிக் அமிலம் செறிவாகும் என்பதால், இந்த நோயில் பேதி சின்ன விஷயமில்லை. நெருஞ்சில் குடிநீருக்கு, காய்ந்த நெருஞ்சில் முள் 10 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்ற வைத்துக் காலையில் குடித்தார். சிறுநீர் தாராளமாகப் போனது என்றார்.

நான்காம் முறை எலுமிச்சையும் சோடா உப்பும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா, அரை மூடி எலுமிச்சை, நாளுக்கு இரண்டு வேளை. சிறுநீரைக் காரமாக்கினால் உப்பு கரையும் என்று கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தது. அரை டீஸ்பூன் சமையல் சோடாவில் சோடியம் ஏறத்தாழ 600 மில்லிகிராம். இரண்டு வேளை என்றால் 1,200. ரத்தக்கொதிப்புக்காரர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு இதைக் குடிப்பது, முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைப்பது. ஆறாம் நாள் ரத்த அழுத்தம் 164/100.

இதற்கிடையே வீட்டில் கொள்ளுப் பருப்பையும் கீரையையும் நிறுத்தியிருந்தார்கள், "பருப்பு ஆகாது" என்று யாரோ சொன்னதால். கொங்கு வீட்டில் கொள்ளை நிறுத்தினால் தட்டில் பாதி காலி. அதற்குத் தேவையே இல்லை. 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் மீனும் கௌட்டைக் கூட்டின. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த காய்கறி, பயறு வகைகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைத்தன. கொள்ளை நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை ஈரலைத் தொடர்ந்தது, நேர் தலைகீழ்.

நாள்காட்டித் தாள்கள்

இந்த நிகழ்வைப் பதிவு செய்ய முடிந்ததே மனைவியால்தான். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களை அவர் எறிவதில்லை. பின்புறத்தில் பால் கணக்கு, கூலி கணக்கு எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். கணவருக்கு வலி வந்த நாட்களின் தாள்களில் அதுவும் இருந்தது. "இன்னிக்கு வாதநாராயணன் வெச்சது. ராத்திரி தூங்கல." "ரசம் 2 வேளை. வீக்கம் கொறஞ்சுது." "செருப்பு போட்டாரு."

தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது கணக்கு துலங்கியது. வலி தொடங்கியதிலிருந்து செருப்புப் போட்ட நாள்வரை, மஞ்சள் சுண்ணாம்புக்கு 11 நாள். வாதநாராயணனுக்கு 9. முடக்கத்தானுக்கும் நெருஞ்சிலுக்கும் 10. சோடா உப்புக்கு 12. மருந்தே போடாவிட்டாலும் கௌட் வலி பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். எதை வைத்தாலும் ஏறத்தாழ பத்து நாள்.

வைத்தியம் தொடங்கிய நாளையும் தாள்கள் காட்டின. முதல் மூன்று நான்கு நாள் வலியில் துடிப்பார். இலை பறித்து வைத்தியம் தொடங்குவது நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ. அதாவது வலி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரம். அதனால் ஒவ்வொரு மூலிகைக்கும் "அஞ்சே நாள்ல கேட்டுச்சு" என்ற பெயர் கிடைத்தது. அதே சொல் பக்கத்து வீடுகளுக்கும் போனது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

தாள்களில் இன்னொன்றும் இருந்தது. ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி முதலில் ஆறு மாதம், பிறகு நான்கு, பிறகு இரண்டு. வலி ஒவ்வொரு முறையும் பத்து நாளில் போய்க்கொண்டிருந்தபோதே நோய் முற்றிக்கொண்டிருந்தது. இடது முழங்கைப் பின்புறம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டியான கட்டியும் வந்திருந்தது. வலியில்லை என்பதால் அதை ஒருவரும் பார்க்கவில்லை. உப்பு வெளியே திரண்டு நிற்கும் டோஃபஸ் கட்டி அது.

கிழங்கு

ஐந்தாவது முறை ஆடி மாதத்தில் வந்தது. இம்முறை வலது முழங்கால். தேங்காய் அளவு வீக்கம், நடக்கவே முடியவில்லை. அது கண்வலி நடவுக் காலம். கோடையில் சேமித்து வைத்த விதைக் கிழங்கு சாக்கிலிருந்து வெளியே வந்து திண்ணையில் பரப்பியிருந்தது. கலப்பைபோல இரண்டாகக் கவடு பிரிந்த கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்றும் அதற்குப் பெயர். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இதன் பூதான்.

மனைவி மகனைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்தார். நடவு உதவிக்கு வந்த மச்சினன் சொன்னது பின்னால் தாயார் வாயிலாகத் தெரிந்தது: "மாமா, நம்ம வெதையில இருந்துதானுங்க வாதத்துக்கு மாத்திரையே எடுக்கறாங்க. ஏவாரி சொன்னானுங்க. கெழங்கு வூட்டுலயே கெடக்குது, எதுக்கு ஊசிக்கு அலையோணும்?"

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. இந்தப் பகுதியில் கண்வலி பயிரிடுவதே விதைக்காகத்தான். விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கொல்ச்சிசின் கௌட்டுக்கான பழைய மருந்து. 1820ல் பிரான்சில் பெல்லெட்டியே, காவெந்து என்ற இருவர் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் கண்வலியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. மாத்திரையில் அது அரை மில்லிகிராம், எந்தக் கடையில் வாங்கினாலும் அரை மில்லிகிராம். கிழங்கில் கிழங்குக்குக் கிழங்கு, பருவத்துக்குப் பருவம் மாறும். கூடவே அதே வகை வேறு நச்சுப் பொருட்களும் உண்டு. மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறுகிய பொருள் இது. கையளவோ விரலளவோ கொண்டு அளக்கவே கூடாதது.

ஒரு சிறு துண்டைத் தோல் சீவி, மிளகும் கருப்பட்டியும் சேர்த்து வேக வைத்து இரவு ஏழு மணிக்குக் குடித்தார். வேக வைத்தால் கடுமை போய்விடும் என்று நம்பினார்கள். கொல்ச்சிசின் கொதிக்க வைத்தாலும் அழியாது.

ஒரு மணிக்கு வாந்தி. பிறகு நிற்காத பேதி. சூடு என்று நினைத்துத் தாயார் மோரும் எலுமிச்சை நீரும் கொடுத்தார். நாலரை மணிக்குப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தபோது "நேத்து சாப்பிட்ட கறி ஒத்துக்கல" என்றே சொன்னார்கள். மச்சினன் பயந்து வாயைத் திறக்கவில்லை. நோயாளியும் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் அது சாதாரண உணவு நச்சாகவே பார்க்கப்பட்டது.

பத்தரை மணிக்கு மனைவி திருப்பூரிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். அடுப்பு மேடையில் கழுவாத பித்தளைச் சொம்பு, பக்கத்தில் சீவிய தோல், பாதி வெட்டிய கிழங்கு. அவர் யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு, சொம்போடு மருத்துவமனைக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்தார். இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவு இதுதான். பத்து நிமிடத்தில் சிகிச்சை திசை மாறியது.

மருத்துவமனையில்

அன்று மதியமே கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கொல்ச்சிசின் நச்சுக்குக் கைவசம் மாற்று மருந்து இல்லை. வயிற்றில் மிச்சம் இருப்பதைக் கரித்தூள் கொடுத்துப் பிடிப்பது, நீரும் உப்பும் நரம்பு வழி ஏற்றுவது, ஒவ்வொரு உறுப்பாகக் கண்காணிப்பது, இவ்வளவுதான் செய்ய முடியும். வாந்தி பேதி இரண்டாம் நாள் குறைந்ததும் குடும்பத்தார் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். விடவில்லை. இந்த நச்சின் இரண்டாம் கட்டம் அதன் பிறகுதான் வரும்: சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை.

சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியாட்டினின் அளவு சேர்க்கும்போது 1.4, மூன்றாம் நாள் 2.4. நான்காம் நாள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 68,000க்கு இறங்கின. ஐந்தாம் நாள் வெள்ளணுக்கள் 2,900. ஏழாம் நாளிலிருந்து எல்லாம் மேலே திரும்பின. பத்தாம் நாள் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. அதுவும் இந்த நச்சின் அடையாளம்தான், மூன்று மாதத்தில் மறுபடி முளைத்தது. உட்கொண்ட அளவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது.

முழங்கால் வீக்கத்துக்குக் காரணம் என்ன என்பதும் அங்கேதான் உறுதியானது. தட்டணுக்கள் சரிவதற்கு முன், சேர்ந்த அன்றே மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, முனைவாக்க நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஊசி ஊசியாக யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள். மூட்டு நீரில் படிகத்தைக் கண்டு கௌட்டை உறுதி செய்யும் இந்த முறை 1961லிருந்து வழக்கத்தில் இருக்கிறது. வலி முழுதும் அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுத்த யூரிக் அமிலம் 9.1.

எடுத்த முடிவுகள்

வீடு திரும்பிய பின் ஒரு பொது மருத்துவரும் அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்தினார்கள். குடும்பத்தார் பச்சிலையை விட மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். விடச் சொல்லி அனுப்பினால் அடுத்த முறை சொல்லாமல் செய்வார்கள். அதனால் ஒவ்வொரு வைத்தியத்தையும் தனித்தனியாக எடுத்துப் பேசினார்கள்.

முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்ற எழுத்து இருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிப்பு மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது யூரிக் அமிலத்தை வெளியேற விடாமல் ஏற்றக்கூடியது. ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, சிறுநீரகம் தேறிய பின் லோசார்டானுக்கு மாற்றினார்கள். அது ரத்த அழுத்தத்தோடு யூரிக் அமிலத்தையும் சற்று இறக்கும்.

அடுத்தது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை. ஆறு வாரம் காத்திருந்து, கிரியாட்டினின் 1.2க்கு வந்த பின் நாளுக்கு 100 மில்லிகிராமில் தொடங்கினார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து 100 கூட்டுவது, யூரிக் அமிலம் 6க்குக் கீழ் வரும்வரை. முதல் மூன்று மாதத்தில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று தமிழில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டினார்கள். அரிதாக உயிரையே எடுக்கும் ஒவ்வாமை அது.

கடினமான பேச்சு கொல்ச்சிசின் பற்றியதாக இருந்தது. அலோபியூரினால் தொடங்கும்போது பழைய படிகம் கரைந்து அசைவதால் வலி திரும்ப வரும். அதைத் தடுக்க நாளுக்கு அரை மில்லிகிராம் கொல்ச்சிசின் ஆறு மாதம் வழக்கம். "செத்துப் பொழச்ச வெஷத்தையே மறுக்காத் திங்கச் சொல்றீங்களா" என்று தாயார் எழுந்துவிட்டார். கேள்வி நியாயமானது. சித்த மருத்துவர்தான் பதில் சொன்னார்: அளவு தெரிந்தது, சிறுநீரகம் தேறியிருக்கிறது, பேதி தொடங்கினால் அன்றே நிறுத்தலாம், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி போன்ற சில மருந்துகளோடு மட்டும் சேரக்கூடாது. மனைவி ஒப்புக்கொண்டார், மாத்திரை தன் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பச்சிலைகளில் முடக்கத்தான் ரசத்தையும் தோசையையும் உணவாக வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வயிறு இளகினால் நிறுத்த வேண்டும். வாதநாராயணன் ஒத்தடம் வலியில்லாத நாட்களில் தாயாரின் முழங்காலுக்குப் போகட்டும், கௌட் மூட்டுக்கு வேண்டாம். வலி வந்தால் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை 15 நிமிடம் வைத்து எடுப்பது, நாளுக்கு நான்கைந்து முறை, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து. நெருஞ்சில், சிறுநீரகம் தேறும்வரை கிடையாது. சுண்ணாம்பும் சோடா உப்பும் அறவே கூடாது. நெல்லிக்காய், மோர், கொள்ளு எல்லாம் திரும்பி வந்தன. சந்தையில் வாத சூரணம் என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் எதையும் வாங்கக் கூடாது என்று தனியாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட தூளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி ஒரே நாளில் போகும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், முகம் உப்பும்.

விதைக் கிழங்கு வீட்டிலிருந்து வெளியேறியது. இப்போது மோட்டார் ரூமில், பூட்டுக்குள், சிவப்புத் துணி கட்டிய சாக்கில் இருக்கிறது.

பிறகு நடந்தது

அலோபியூரினால் தொடங்கிய மூன்றாம் வாரம் பெருவிரலில் வலி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் போனார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் மனைவி தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். இம்முறை நான்காம் நாள் செருப்புப் போட்டார். நாள்காட்டித் தாளில் அந்த 4 என்ற எண் வட்டமிடப்பட்டிருக்கிறது.

நாளுக்கு 300 மில்லிகிராம் எட்டியபோது யூரிக் அமிலம் 6.6. ஆறாம் மாதம் 5.4. மது முழுக்க நின்றது. எடை 79க்கு வந்தது. அடுத்த பங்குனி கெடா விருந்தில் ஈரலும் எலும்பு ரசமும் தவிர்த்து, இரண்டு துண்டு தனிக்கறியோடு எழுந்துகொண்டார். பந்தியில் கேலிக்கு ஆளானதும் நடந்தது.

சறுக்கலும் உண்டு. அதற்கு அடுத்த தை மாதக் கண்வலி அறுவடையில், வலியே இல்லையே என்று மூன்று வாரம் மாத்திரையை விட்டுவிட்டார். யூரிக் அமிலம் 7.9, கணுக்காலில் வலி. மறுபடி 100லிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. படிகம் முழுதும் கரைய ஆண்டுக் கணக்கில் ஆகும். அதற்குள் மாத்திரையை நிறுத்தினால் உப்பு திரும்ப ஏறும்.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

முதல் வலியிலேயே மூன்று கேள்விகள் போதுமாக இருந்திருக்கும்: குடும்பத்தில் யாருக்காவது கால்விரலில் இப்படி வந்ததா, தினமும் என்ன மாத்திரை போடுகிறீர்கள், முழங்கையிலோ காது மடலிலோ கட்டி இருக்கிறதா. யூரிக் அமிலம் சாதாரணமாக வந்தாலும் வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒன்று. ஒரே மூட்டு வீங்கிக் காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழாகவும் இருக்கலாம். அப்போது பற்றுக்கும் ஒத்தடத்துக்கும் நேரமில்லை, அன்றே மூட்டு நீரைப் பார்க்க வேண்டும்.

கண்வலி பயிரிடும் ஊர்களில், விவரம் தெரியாத வாந்தி பேதியோடு யார் வந்தாலும், "கெழங்கு ஏதாவது தின்னீங்களா, வெதை வாயில போச்சா" என்று சேர்க்கும் இடத்திலேயே கேட்பது வழக்கமாக வேண்டும். இந்த நோயாளிக்கு அந்த ஆறு மணி நேரம் வீணானது யாரும் கேட்காததாலும் யாரும் சொல்லாததாலும். சொன்னால் போலீஸ் வரும் என்ற பயமே மச்சினன் வாயைக் கட்டியது. பயப்படாமல் சொல்லும்படி கேட்பது கேட்பவரின் பொறுப்பு.

விதை வாங்கும் வியாபாரிகள் "இது வாத மருந்துக்குப் போகிறது" என்று சொல்வதோடு, தின்றால் கொல்லும் என்ற மறுபாதியையும் சொல்ல வேண்டும். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் பெண்களுக்கும், காய் உடைத்து விதை உலர்த்தும் வீடுகளில் குழந்தைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது ஆண்டு நடக்கிறது. தினமும் அலோபியூரினால் தொடர்கிறது, கடைசியாக எடுத்த யூரிக் அமிலம் 5.2. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யூரிக் அமிலம், கிரியாட்டினின். புதன், ஞாயிறு முடக்கத்தான் ரசம். முழங்கைக் கட்டி புளியங்கொட்டையிலிருந்து உளுந்து அளவுக்கு வந்திருக்கிறது. பார்த்தால் தெரியவில்லை, விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படுகிறது.